ரெசல்யூட் பே – கிரீஸ் ஃபியோர்டு: 385 கிமீ பறக்க உண்மையில் எவ்வளவு நேரம் ஆகும்?

வயலூரான்

வணக்கம் நண்பர்களே. என் அக்கா மகள் கனடாவில் நர்ஸாக இருக்கிறாள். வரும் அக்டோபர் கடைசியில், நூனவுட் பகுதியில் உள்ள கிரீஸ் ஃபியோர்டு சுகாதார நிலையத்துக்கு ஒப்பந்தப் பணியில் போகிறாள். எல்ஸ்மியர் தீவின் தென்கரையில் இருக்கும் சின்ன ஊர். ஒட்டாவாவிலிருந்து இக்காலுயிட், அங்கிருந்து ரெசல்யூட் பே, கடைசியாக ரெசல்யூட்டிலிருந்து கிரீஸ் ஃபியோர்டு என்று பயணம்.

முதல் இரண்டு கட்டங்களில் எனக்குக் குழப்பம் இல்லை. கடைசிக் கட்டம்தான் புரியவில்லை. தூரம் காட்டும் ஒரு தளம் 385 கிமீ, ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்கிறது. இன்னொன்று 383 கிமீ என்கிறது. சுவரில் மாட்டும் உலக வரைபடத்தில் அளந்து பார்த்தால் ஆயிரம் கிமீக்கு மேல் வருகிறது. அவளிடம் இருக்கும் பயணத் திட்டத்திலோ இரண்டரை மணி நேரம் போலத் தெரிகிறது. அக்கா தினமும் கேட்கிறார், எப்போது போய்ச் சேருவாள் என்று. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பூகோளப்பித்து

வயலூரான், முதலில் தூரத்தை முடித்துவிடுவோம். அது எளிது.

ரெசல்யூட் விமான நிலையம் வடக்கு 74.72 பாகை, மேற்கு 94.97 பாகை. கிரீஸ் ஃபியோர்டு வடக்கு 76.43, மேற்கு 82.91. பூமியை 6,371 கிமீ ஆரமுள்ள சரியான உருண்டை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் 383 கிமீ வரும். பூமி துருவங்களில் சற்றுத் தட்டை. அதனால் அங்கே தரையின் வளைவு குறைவு. வளைவின் ஆரம் ஏறக்குறைய 6,397 கிமீ. அதைச் சேர்த்துக்கொண்டால் 385 கிமீ. உங்கள் இரண்டு தளங்களுமே தப்பாகச் சொல்லவில்லை, ஒன்று உருண்டைக் கணக்கு, மற்றது தட்டை உருண்டைக் கணக்கு. கடல் மைலில் 208.

சுவர் வரைபடம் மெர்காட்டர் முறையில் போட்டதாக இருக்கும். அதில் நிலநடுக்கோட்டை விட்டு விலக விலக எல்லாம் பெரிதாகும். 75, 76 பாகை வடக்கில் நான்கு மடங்கு. 385 கிமீ உங்கள் கண்ணுக்கு 1,500 கிமீ போலத் தெரிவது அதனால்தான். நிஜத்தில் அங்கே ஒரு தீர்க்க பாகை 28 கிமீ சொச்சம்தான். நிலநடுக்கோட்டில் அதுவே 111 கிமீ.

சிறகன்

துருவத்துக்கு அருகில் என்பதால் பெருவட்டப் பாதையில் (உருண்டையின் மேல் இரண்டு இடங்களுக்கு இடையிலான மிகக் குறுகிய வழி) போனால் நிறைய தூரம் மிச்சமாகுமே? 385 என்பது பெருவட்டக் கணக்கு. ஒரே திசையைப் பிடித்துக்கொண்டு போனால் இன்னும் நீளுமா?

பூகோளப்பித்து

நீளும். ஆனால் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. பெருவட்டப் பாதையின் லாபம் பெரும் தொலைவுகளில்தான், ஐரோப்பாவிலிருந்து அமெரிக்க மேற்குக் கரைக்குப் போவது போன்ற பயணங்களில். 385 கிமீக்குள் அது ஒரு பொருட்டே இல்லை.

ஆனால் அதே கணக்கில் வேறு ஒன்று இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ரெசல்யூட்டிலிருந்து புறப்படும்போது உண்மை வடக்கிலிருந்து 55 பாகையில் கிளம்ப வேண்டும். கிரீஸ் ஃபியோர்டை நெருங்கும்போது அதே விமானத்தின் திசை 66 பாகை. விமானி எந்தப் பக்கமும் திரும்பவில்லை, நேராகத்தான் வந்தார். காலடியில் தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே வருவதால், அவை ஒவ்வொன்றையும் வேறு கோணத்தில் வெட்டுகிறார். ஒன்றரை மணி நேரத்துக்குள் 11 பாகைக்கு மேல் மாற்றம். நிலநடுக்கோட்டுக்கு அருகே பறப்பவர்களுக்கு இது நடப்பதே தெரியாது.

ஓடுபாதை35

நேரத்தைப் பற்றிச் சொல்கிறேன். அந்த ஒரு மணி நேரத்துக்குள் என்ற எண்ணை அக்காவிடம் சொல்லிவிடாதீர்கள். அப்படிப்பட்ட தளங்கள் எந்த இரண்டு ஊரைக் கொடுத்தாலும் மணிக்கு 800 கிமீ வேகத்தில் போகும் ஜெட் என்று எடுத்துக்கொண்டு, ஏற இறங்க அரை மணி கூட்டிவிடும். கிரீஸ் ஃபியோர்டில் ஜெட் இறங்கவே முடியாது.

அங்கே ஓடுபாதை சரளைக்கல் பாதை, நீளம் 510 மீட்டர் அளவு. ரெசல்யூட்டிலும் சரளைதான், ஆனால் அது 2 கிமீக்குச் சற்றுக் குறைவான நீளம், 737 ஜெட் இறங்கிய பாதை. கிரீஸ் ஃபியோர்டுக்குப் போவது ட்வின் ஆட்டர். டி ஹாவிலண்ட் கனடா 1965 முதல் 1988 வரை செய்த இரட்டை டர்போபிராப் விமானம். பிறகு வைக்கிங் ஏர் மறுபடி தயாரிக்க ஆரம்பித்தது. அதிகபட்சம் 19 இருக்கை, இறக்கை மேலே, சக்கரம் உள்ளே மடங்காது. தேவைப்பட்டால் சக்கரத்துக்குப் பதில் பனிச்சறுக்குப் பலகை மாட்டிக்கொள்ளலாம். குட்டைப் பாதையில் ஏறி இறங்குவதில் அதற்கு ஈடு சொல்ல அந்தப் பக்கம் வேறு விமானம் இல்லை என்பது என் கருத்து.

அதன் பயண வேகம் ஏறக்குறைய 150 நாட், அதாவது மணிக்கு 150 கடல் மைல். 208 கடல் மைலுக்கு 1 மணி 23 நிமிடம். ஏறி, சுற்றி, இறங்கும் நேரத்தைச் சேர்த்தால் ஒன்றரை மணி நேரம். ஆனால் மெதுவாகப் போகும் விமானத்துக்குக் காற்று பெரிய விஷயம். 30 நாட் எதிர்க்காற்று இருந்தால் 1 மணி 44 நிமிடம். அதே காற்று பின்னாலிருந்து வந்தால் 1 மணி 9 நிமிடம். ஒரே வழித்தடம், போகும்போதும் வரும்போதும் அரை மணிக்கு மேல் வித்தியாசம்.

வயலூரான்

அப்படியானால் அவள் திட்டத்தில் இரண்டரை மணி நேரம் எப்படி வருகிறது?

ஓடுபாதை35

நேர வலயம். ரெசல்யூட் மத்திய நேரத்தில் இருக்கிறது, கிரீஸ் ஃபியோர்டு கிழக்கு நேரத்தில். கிழக்கே போகும்போது கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ள வேண்டும். காலை 10 மணிக்குக் கிளம்பினால் அங்கே 12.30க்கு இறங்குவாள். திரும்பும்போது 10 மணிக்குக் கிளம்பினால் 10.30க்கே ரெசல்யூட்டில் இருப்பாள். டிக்கெட்டில் எல்லா நேரமும் அந்தந்த ஊர் நேரம்தான்.

பனிநாட்டுத்தமிழ்

நான் ரொறன்ரோவில் இருக்கிறேன். முன்பு இக்காலுயிட்டில் சுகாதாரத் துறையில் வேலை செய்திருக்கிறேன், வடக்கு ஊர்களிலிருந்து நோயாளிகளைக் கொண்டுவரும் ஏற்பாடுகளோடு தொடர்பு இருந்தது. மேலே சொன்ன கணக்கெல்லாம் சரி. ஆனால் வயலூரான் அண்ணா, உங்கள் அக்காவுக்கு அது பதில் ஆகாது.

அங்கே வேலை செய்பவர்கள் யாரும் மணிக்கணக்கில் பேச மாட்டார்கள். "இன்றைக்கு விமானம் வருமா?" என்றுதான் கேட்பார்கள். ஒன்றரை மணி நேரம் என்பது விமானம் காற்றில் இருக்கும் நேரம். கிளம்புவதற்கு ரெசல்யூட்டில் வானிலை சரியாக இருக்க வேண்டும், கிரீஸ் ஃபியோர்டிலும் சரியாக இருக்க வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க வேண்டும். தினசரி விமானம் கிடையாது, வாரத்தில் குறிப்பிட்ட நாட்கள்தான். ஒரு நாள் தவறினால் வானம் தெளிந்த பிறகு தேங்கிப்போன ஆட்கள், சரக்கு, மருந்து எல்லாவற்றையும் வரிசைப்படுத்தித்தான் அனுப்புவார்கள். அவசர நோயாளி இருந்தால் அவருக்குத்தான் முதல் இடம், அதில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

எங்களுக்கு ஒரு நோயாளியைக் கொண்டுவர வேண்டியிருந்தது. விமானம் தயார், விமானிகள் தயார், எல்லாம் கூப்பிடு தூரம் போல இருந்தது. மூடுபனி மட்டும் நகரவில்லை. மருத்துவர் தொலைபேசியில் இருந்தபடியே அங்கிருந்த நர்ஸுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நர்ஸின் நிதானத்தை நான் மறக்க முடியாது. உங்கள் மருமகள் போகிற வேலை அப்படிப்பட்டது. அங்கே ஆஸ்பத்திரி இல்லை, சுகாதார நிலையம் மட்டும்தான். பிரசவம்கூட ஊரில் பார்ப்பதில்லை; நாள் நெருங்குவதற்கு வாரக்கணக்கில் முன்பாகவே தாயைத் தெற்கே அனுப்பிவிடுவார்கள். வீட்டையும் மற்ற குழந்தைகளையும் விட்டுவிட்டு ஒரு பெண் தனியாக வந்து காத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சிறகன்

மூடுபனி இருந்தால் கருவிகளை நம்பி இறங்க முடியாதா? இப்போது எல்லாவற்றிலும் ஜிபிஎஸ் இருக்கிறதே.

ஓடுபாதை35

ஜிபிஎஸ் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று சொல்லும். மலையை நகர்த்தாது. கிரீஸ் ஃபியோர்டின் படங்களைப் பாருங்கள்: ஒரு பக்கம் கடல், மறு பக்கம் செங்குத்தான மலை, நடுவில் ஒடுங்கிய கரைப் பட்டையில் ஊரும் ஓடுபாதையும். விமானம் மலைக்கும் கடலுக்கும் இடையில் நெருக்கமாகத் திரும்பித்தான் பாதைக்கு நேராக வர முடியும். அதற்குக் கண்ணால் தரையைப் பார்த்தாக வேண்டும். மலை இடுக்கிலிருந்து இறங்கும் காற்று வேறு எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கும் என்று சொல்ல முடியாது. அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் சந்தேகம் என்றாலும் திரும்பிவிடுவார்கள். அது அவர்களுடைய திறமையின் ஒரு பகுதி.

திரும்பிவிடலாம் என்றால் அதற்கும் எரிபொருள் வேண்டும். பக்கத்தில் வேறு விமான நிலையம் இல்லை, மறுபடி ரெசல்யூட்தான். ஆகவே 385 கிமீ பயணத்துக்கு 770 கிமீக்கும் அதற்கு மேல் கையிருப்புக்குமாகச் சேர்த்து நிரப்ப வேண்டும். தோராயமாகப் பாருங்கள்: ட்வின் ஆட்டர் மணிக்கு 270 கிலோ அளவு எரிக்கும். போய்த் திரும்ப மூன்று மணி நேரம், கையிருப்பு முக்கால் மணி நேரம், மொத்தம் 1,000 கிலோ. விமானம் கிளம்பக்கூடிய அதிகபட்ச எடை 5,670 கிலோ. வெறும் விமானத்தின் எடை, இரண்டு விமானிகள், எரிபொருள் எல்லாம் போக ஆட்களுக்கும் சரக்குக்கும் சேர்த்து 900 கிலோ பக்கம்தான் மிஞ்சும். இருக்கை 19 என்றாலும் குளிர்கால உடையோடும் பெட்டியோடும் எட்டு ஒன்பது பேருக்கு மேல் ஏற்ற முடியாது. பெட்டி சில சமயம் அடுத்த விமானத்தில் வருவது இதனால்தான். அவளிடம் சொல்லுங்கள், மருந்து, கண்ணாடி, கனமான ஜாக்கெட், இரண்டு நாள் துணி எல்லாம் கைப்பையில்.

பூகோளப்பித்து

திசைகாட்டி பற்றியும் சொல்ல வேண்டும். காந்த வடதுருவம் 1990களில் ரெசல்யூட்டுக்கு வடமேற்கே சில நூறு கிமீ தொலைவில்தான் இருந்தது. இப்போது சைபீரியா பக்கம் நகர்ந்துவிட்டது. இன்றும் அந்தப் பகுதியில் காந்தப்புலம் ஏறக்குறைய செங்குத்தாகத் தரைக்குள் இறங்குவதால், காந்த ஊசியைக் கிடைமட்டமாகத் திருப்பும் விசை மிகக் குறைவு. ஊசி தடுமாறும். ஓடுபாதையின் எண் என்பது அது நோக்கும் திசையின் பாகையைப் பத்தால் வகுத்தது; வடக்குக் கனடாவில் அந்தத் திசையைக் காந்த வடக்கிலிருந்து அளப்பதில்லை, உண்மை வடக்கிலிருந்துதான். ரெசல்யூட் ஓடுபாதையின் எண் 17, 35 என்று இருக்கும், கூடவே உண்மை வடக்கு என்பதைக் காட்டும் 'டி' எழுத்தும் இருக்கும்.

ஓடுபாதை35

அந்த ரெசல்யூட்டில்தான் 2011 ஆகஸ்ட் 20 விபத்து நடந்தது. யெல்லோநைஃபிலிருந்து வந்த 737, தாழ்ந்த மேகத்துக்குள் இறங்கும்போது ஓடுபாதைக்குக் கிழக்கே ஒரு கடல் மைல் தொலைவில் குன்றில் மோதியது. 15 பேரில் 12 பேர் இறந்தார்கள். அந்த நேரத்தில் கனடா ராணுவம் அங்கே பயிற்சிக்கு முகாமிட்டிருந்ததால் உதவி உடனே போய்ச் சேர்ந்து மூன்று பேரைக் காப்பாற்ற முடிந்தது.

விசாரணை அறிக்கை 2014இல் வந்தது. திசை காட்டும் அமைப்பில் பிழை சேர்ந்திருந்தது, அதை விமானிகள் சரிசெய்யவில்லை. தானியங்கிக் கட்டுப்பாடு சரியான பாதையைப் பிடிக்காமல் விமானம் வலப்பக்கம் விலகியது. துணை விமானி விலகலைக் கவனித்துச் சொன்னார், கேப்டனின் மனதில் இருந்த படம் வேறாக இருந்தது. மேலே எழுந்து சுற்றிவரும் முடிவு மிகத் தாமதமாக வந்தது. ஒரே ஒரு காரணம் என்று எதையும் தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. வானிலை சரியில்லை என்று விமானத்தை நிறுத்தி வைக்கும்போது நமக்குக் கோபம் வரும். அந்த அறிக்கையைப் படித்தவர்களுக்கு வராது.

வயலூரான்

இதை அக்காவிடம் சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிறேன். ஆனால் தாமதத்துக்கான காரணம் புரிந்தால் பயம் குறையும் என்று தோன்றுகிறது. வழியில் என்ன இருக்கிறது? கீழே ஏதாவது ஊர் தென்படுமா?

கடல்காகம்

ஊர் எதுவும் இல்லை. கார்ன்வாலிஸ் தீவிலிருந்து கிளம்பியதும் வெலிங்டன் கால்வாய், அதைத் தாண்டினால் டெவன் தீவு. மக்கள் குடியேறாத தீவுகளில் உலகிலேயே பெரியது அது, 55,000 சதுர கிமீ. பாதைக்குச் சற்றுத் தெற்கே ஹாட்டன் விண்கல் பள்ளம், 20 கிமீக்கு மேல் அகலம். செவ்வாய்க்குப் போவதற்கான ஒத்திகை ஆய்வுகளை நாசா ஆதரவுடன் 1997 முதல் அங்கே செய்திருக்கிறார்கள்; செடி கொடி இல்லாத, குளிர்ந்த, வறண்ட நிலம் என்பதால். அப்புறம் ஜோன்ஸ் நீரிணை, அதன் வடகரையில் எல்ஸ்மியர்.

இங்கே எல்லாரும் விமானத்தைப் பற்றியே பேசுகிறோம். அந்த இரண்டு ஊர்களும் ஏன் அங்கே இருக்கின்றன என்பதையும் பேச வேண்டும். 1953இலும் 1955இலும் கனடா அரசு வடக்குக் கியூபெக்கின் இனுக்ஜுவாக் பகுதியிலிருந்து இனுயிட் (ஆர்க்டிக் பழங்குடி) குடும்பங்களைக் கப்பலில் ஏற்றி 2,000 கிமீ வடக்கே கொண்டுபோய் இந்த இரண்டு இடங்களிலும் இறக்கியது. உதவிக்கென்று பாஃபின் தீவின் வடக்கே உள்ள பாண்ட் இன்லெட் ஊரிலிருந்தும் சில குடும்பங்கள். வேட்டை நிறையக் கிடைக்கும், இரண்டு ஆண்டில் பிடிக்காவிட்டால் திரும்பலாம் என்று சொன்னார்கள். அந்த வாக்கைக் காப்பாற்றவில்லை. பழகிய நிலம் வேறு, இது வேறு. மாதக்கணக்கில் சூரியன் வராத இருளை அவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. முதல் குளிர்காலத்தைக் கூடாரங்களில் கழித்தார்கள். ஆர்க்டிக்கில் கனடாவின் இறையாண்மையை நிலைநாட்ட மனிதர்களைக் கொடிக்கம்பமாக நட்டார்கள் என்ற குற்றச்சாட்டு இன்றுவரை உண்டு. 2010 ஆகஸ்டில்தான் அரசு முறையாக மன்னிப்புக் கேட்டது.

2021 கணக்கெடுப்பில் ரெசல்யூட்டில் 183 பேர், கிரீஸ் ஃபியோர்டில் 144 பேர். அவர்களுக்கு இது இப்போது சொந்த ஊர், பிள்ளைகள் பிறந்து வளர்ந்த ஊர். இந்த 385 கிமீ வான்வழியை லாப நஷ்டக் கணக்கில் பார்ப்பதை நான் ஏற்க மாட்டேன்.

சிறகன்

ஏற்கிறேன். அப்படியானால் அரசு அங்கே நீளமான ஓடுபாதை போட்டுத் தரலாமே?

ஓடுபாதை35

ஊர் இருக்கும் இடத்தில் நீட்டுவதற்குத் தரை இல்லை. மலையை வெட்ட வேண்டும், அல்லது ஊருக்கு வெளியே வேறு இடம் பார்த்துச் சாலை போட வேண்டும். எல்லா எந்திரமும் கோடையில் பனிக்கட்டி விலகும் சில வாரங்களில் கப்பலில்தான் வர முடியும். செய்ய முடியாதது அல்ல, செலவு மிக அதிகம். என் கருத்தில் அதற்கு முன் செய்ய வேண்டியது, வானிலையைத் துல்லியமாகச் சொல்லும் வசதியும் கூடுதல் விமான நாட்களும்.

பனிநாட்டுத்தமிழ்

கப்பல் என்றதும் ஒன்று. அந்த ஊருக்கு வருடத்துக்கு ஒரு தடவை, கோடைக் கடைசியில் சரக்குக் கப்பல் வரும். மாவு, அரிசி, எரிபொருள், மரச்சாமான் எல்லாம் அதில். பால், பழம், காய்கறி விமானத்தில். அதனால் விலை கடுமையாக இருக்கும், அரசு மானியம் இருந்தும். மிளகாய்த்தூள், பருப்பு, புளி போன்ற கெடாத சாமான்களைத் தபாலில் முன்கூட்டியே அனுப்பச் சொல்லுங்கள். தபாலும் அதே ட்வின் ஆட்டரில்தான் போகும், அதற்கும் காத்திருக்க வேண்டியிருக்கும்.

அக்டோபர் கடைசி என்றால் வெளிச்சம் வேகமாகக் குறைகிற நேரம். நவம்பர் தொடக்கத்தில் சூரியன் போனால் பிப்ரவரியில்தான் மறுபடி தலைகாட்டும். முதல் வாரங்களில் தூக்கம் கெடும். ஊர்க்காரர்கள் வீட்டுக்குக் கூப்பிட்டால் மறுக்காமல் போகச் சொல்லுங்கள். புதிதாக வரும் நர்ஸை அவர்கள் நன்றாகக் கவனிப்பார்கள்.

வயலூரான்

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. அக்காவிடம் இப்படிச் சொன்னேன்: பறப்பது ஒன்றரை மணி நேரம், ஆனால் ரெசல்யூட்டில் சில நாள் தங்க நேரிடலாம், அவள் கூப்பிடும் வரை கவலைப்பட வேண்டாம் என்று. ரெசல்யூட்டில் தங்க இடம் உண்டா, திரும்பும்போது ஒட்டாவா டிக்கெட்டை எப்படிப் போடுவது என்று கேட்டார்.

பனிநாட்டுத்தமிழ்

தங்க இடம் உண்டு, விடுதி இருக்கிறது. பணிக்கு அனுப்புபவர்களே ஏற்பாடு செய்வார்கள், தாமதமானால் செலவு யாருடையது என்பதை மட்டும் ஒப்பந்தத்தில் இப்போதே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

திரும்பும்போது கிரீஸ் ஃபியோர்டிலிருந்து வரும் நாளிலேயே ரெசல்யூட்டிலிருந்து தெற்கே போகும் விமானத்தைப் பிடிப்பதாகப் போட வேண்டாம். அந்த விமானமும் தினசரி இல்லை. இக்காலுயிட் வரை 1,575 கிமீ, அங்கிருந்து ஒட்டாவா இன்னொரு 2,100 கிமீ. முதல் கண்ணி அறுந்தால் பின்னால் உள்ளதெல்லாம் போகும். எல்லாக் கட்டத்தையும் ஒரே முன்பதிவில் போட முடிந்தால் போடுங்கள். தனித்தனி டிக்கெட் என்றால் மாற்றக்கூடிய வகை வாங்குங்கள். ஒட்டாவாவிலிருந்து ஊருக்கு வரும் சர்வதேச டிக்கெட்டை அவள் தெற்கே வந்து இறங்கிய பிறகு எடுத்தால் போதும்.

ஓடுபாதை35

வழிமொழிகிறேன். இன்னொன்று: கிளம்பும் நாள் காலையில் இரண்டு ஊர்களின் வானிலை அறிக்கையையும் பார்க்கலாம், பொதுவில் கிடைக்கும். ரெசல்யூட்டின் நான்கெழுத்து விமான நிலையக் குறியீடு சிஒய்ஆர்பி, கிரீஸ் ஃபியோர்டுடையது சிஒய்ஜிஇசட். பார்வைத் தொலைவும் மேக உயரமும் என்ன என்று பாருங்கள். புரியாவிட்டால் இங்கே ஒட்டுங்கள், படித்துச் சொல்கிறேன்.